கொதித்தது எஞ்சின் மட்டுமன்று

"சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும்" என்று செயலாளர் நண்பர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராது; கதையும் வராது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. "போன வாரம் விடுதி வாயிலில் கிளம்பாமல் நின்ற காரைக் கிளப்பிக் கொடுத்தீரே, அதை எழுதுமே" என்றார். அதை எழுதுவதென்றால், அந்த வித்தையை எங்கே கற்றேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அது அவ்வளவு பெருமைக்குரிய செய்தி அன்று. ஆயினும் என்ன? நம் சங்கத்து நண்பர்கள் பலர் இப்போது நால்வர் ஐவராகக் கூட்டுச் சேர்ந்து பழைய கார் வாங்குகிறார்கள். மழை தொடங்கிவிட்டால் லோனாவாலாவுக்கும் மகாபலேசுவரத்துக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது நான் பட்ட பாடு பயன்பட்டால், என் மானம் கொஞ்சம் போவதில் குற்றமில்லை.

என் தந்தையார் தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வேலை தேடிப் புனேக்கு வந்தவர். பல்லாண்டு இரு சக்கர வண்டியில் காலம் தள்ளி, பிறகு 2012-ஆம் ஆண்டின் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். அந்தக் கார் வந்த நாளில் அம்மா ஆரத்தி எடுத்தாள். அப்பா எலுமிச்சம்பழம் நசுக்கினார். நானோ, வீட்டில் விஞ்ஞானம் படிக்கும் ஒரே பிள்ளை என்ற தோரணையில், காரின் பராமரிப்பு இலாகாவை ஏற்றுக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

பானட்டைத் திறந்தால் ஓரமாக வெண்ணிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கும். அதில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு திரவம் நிற்கும். அதுதான் கூலன்ட். மேல் கோடு, கீழ்க் கோடு என இரு கோடுகள் இருக்கும். மட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். எங்கள் காரில் அது மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. "கூலன்ட் வாங்கி ஊற்றுவோமா?" என்று அப்பா கேட்டார். "வீண் செலவு, அப்பா. அது சாயம் போட்ட தண்ணீர்தான்" என்றேன். குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். ஏறத்தாழ ஓராண்டுக் காலம், குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு என் இளநிலைத் தேர்வில் கடின நீரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கால்சியம் பைகார்பனேட் கரைந்த நீரைச் சூடேற்றினால் கால்சியம் கார்பனேட் படிந்து வெந்நீர்க் கலன்களின் குழாய்களை அடைக்கும் என்று சமன்பாட்டோடு எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்றேன். வீட்டுக்கு வந்து, அதே நீரைக் காரில் ஊற்றினேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம். தருமபுரியில் என் அத்தை மகளுக்குத் திருமணம். அப்பாதான் தாய்மாமன். காலை ஏழரை மணிக்கு மேல் முகூர்த்தம். அப்பாவுக்கு முதல் நாள் அரை நாள்தான் விடுப்பு கிடைத்தது. ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு, அப்பாவும் நானும் மாறி மாறி ஓட்டி, விடியற்காலையில் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. சுமார் ஆயிரம் கிலோமீட்டர். பின் இருக்கையில் அம்மாவும் தங்கையும். அம்மாவின் மடியில் தாய்மாமன் சீராகக் கொடுக்க வேண்டிய பட்டுப்புடவை. கால் வைக்க இடமில்லாமல் சாமான்கள். குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடிற்று.

புனேயிலிருந்து சாத்தாரா போகும் வழியில் கம்பாட்கி மலைப்பாதை இருப்பதை நண்பர்கள் அறிவார்கள். அதில் ஏறத் தொடங்கியதும் வெப்பமானியின் முள் நடுவிலிருந்து நகர்ந்தது. அப்பா, "நிறுத்தலாமா?" என்றார். ஓட்டியது நான். "ஏற்றத்தில் எல்லாக் காரும் கொஞ்சம் சூடாகும்; உச்சிக்குப் போனால் இறங்கிவிடும்" என்றேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட்டின் ஓரத்திலிருந்து ஆவி எழும்பிற்று. ஒதுக்கி நிறுத்தினேன்.

அடுத்து நான் சொன்னதுதான் இன்றும் என் நெஞ்சை அறுப்பது. "ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் போதும், அப்பா. நேரமாகிறது" என்றேன். அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினார்.

குக்கர் விசில் அடங்குமுன் மூடியைத் திறக்க வீட்டில் எந்தத் தாயும் விடமாட்டாள். ரேடியேட்டரும் குக்கர்தான். அதன் மூடியில் ஒரு வில் இருக்கிறது. உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கி வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போகிறது. 100 டிகிரியைத் தாண்டிய நீரில் ஒரு பங்கு ஒரே மூச்சில் ஆவியாகச் சீறுகிறது. இதுவும் எனக்குத் தெரிந்த பாடமே. அப்பாவின் வலக்கை, மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெந்துவிட்டது.

அம்மா பையிலிருந்து பற்பசையை எடுத்தாள். அந்த நேரத்தில் பின்னால் வந்த நாமக்கல் லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் குதித்து ஓடி வந்தார். "வேண்டாமுங்க, பேஸ்ட்டுப் போடாதீங்க! பச்சைத் தண்ணி ஊத்துங்க, ஊத்திக்கிட்டே இருங்க" என்று தம் கேனைச் சாய்த்துப் பிடித்தார். தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் ஓடுகிற குளிர்ந்த நீர் ஊற்றுவதே முதல் சிகிச்சை என்று பின்னர் மருத்துவரும் சொன்னார். அந்த லாரிக்காரர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, காரை இழுவை வண்டியில் அனுப்பிவிட்டு, சாத்தாராவில் இரவுப் பேருந்து பிடித்தோம். தருமபுரி மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்று. பந்தி நடந்துகொண்டிருந்தது. மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன், வாழைமரத்தடியில் கட்டுப்போட்ட கையோடு நின்றார். அத்தை ஓடி வந்து, "வந்து சேந்தீங்களே அண்ணா, அது போதும்" என்றாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. என்னை ஒரு வார்த்தை வைதிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. காரைச் செம்மை செய்தவர் எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர். எல்லோரும் அவரைக் 'காகா' என்று அழைப்பார்கள். நம் ஊர்ப் பறவை அன்று, மராத்தியில் சிற்றப்பா. எஞ்சினைக் கழற்றி, வெப்பத்தில் நெளிந்துபோன அலுமினியத் தலைப்பகுதியையும், தீய்ந்த கேஸ்கட்டையும் காட்டினார். பிறகு தெர்மோஸ்டாட்டை எடுத்து நீட்டினார். அதன்மேல் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் படிவம். "இது என்ன, தெரியுமா?" என்றார். "கால்சியம் கார்பனேட்" என்றேன். காகா சிறிது நேரம் என்னையே பார்த்தார். "பெயரெல்லாம் தெரிகிறதே! பின்னே ஏன் ஊற்றினாய்?" என்றார். சர்வகலாசாலையில் இதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு கடினமான கேள்வியைக் கேட்டதில்லை.

செலவு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். நான் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். அன்று முதல் ஓராண்டுக் காலம் ஞாயிறுதோறும் காகாவின் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்தேன். அங்கே கற்றவற்றில் சில வருமாறு.

முதலில் கூலன்ட். அது சாயத் தண்ணீர் அன்று. எதிலீன் கிளைகாலும் வாலை வடிநீரும் பாதிக்குப் பாதி கலந்த திரவம். திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரிக்குத்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125-ஐத் தாண்டும். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகளும் அதில் உண்டு. காரின் கையேடு எந்த வகை சொல்கிறதோ, அதையே ஊற்றுக. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டா. எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் மட்டம் பார்க்க. முக்கியமாக, மட்டம் குறைந்துகொண்டே போனால் ஊற்றுவதோடு நிற்காமல், எங்கே போகிறது என்று கேளுங்கள். எங்கள் காரில் ஒரு ரப்பர்க் குழாயின் பட்டை தளர்ந்திருந்தது; அவ்வளவே. கிளைகால் இனிக்கும் நஞ்சு, சிந்தினால் கழுவிவிடுக. நாயும் பூனையும் நக்கினால் மடியும்.

வழியில் சூடேறினால் குளிர்சாதனத்தை உடனே நிறுத்துக. காருக்குள் வெப்பக் காற்று தரும் ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுக. மே மாதத்தில் இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் ஹீட்டர் என்பது ஒரு சிறு ரேடியேட்டரே. எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். இடம் கிடைத்ததும் நிறுத்தி எஞ்சினை அணைக்க. அரை மணிக்குக் குறையாமல், குழாய் கைச்சூட்டுக்கு ஆறும் வரை, மூடியைத் தொட வேண்டா. சிவப்பைத் தொட்ட முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழவும் வேண்டா. உணரும் கருவியைச் சுற்றித் திரவமே இல்லாமற்போனாலும் முள் அப்படி விழும். இப்போது பல கார்களில் முள்ளே இல்லை, விளக்கு மட்டுந்தான். நீலமாக எரிந்தால் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். சிவப்பாக எரிந்தால் நிறுத்து என்று பொருள்.

அடுத்து எண்ணெய். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, அளவுகோலைத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க. எண்ணெய் கறுத்திருப்பது குற்றமன்று. அழுக்கைச் சுமப்பது அதன் தொழில். பால்விட்ட காப்பிபோல் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். 5டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். "கெட்டி எண்ணெய் நல்லது" என்று கடைக்காரர் சொன்னாலும், கையேடு சொல்வதே வேதம்.

டயருக்குக் காற்று எவ்வளவு என்பதை ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருப்பார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரி. ஸ்டெப்னியை மறப்பவர்கள் பஞ்சரான அன்று அதை நினைப்பார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. பழைய கார் வாங்கும் நண்பர்கள் இந்த ஜாதகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மழைச்சாலையில் அது டயரன்று, சோப்பு.

இனி, செயலாளர் கேட்ட பேட்டரிக் கதை. விடுதி வாயிலில் நின்ற காரில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்றது, எஞ்சின் சுற்றவில்லை. இரவெல்லாம் உள்விளக்கு எரிந்திருக்கிறது. ஈய அமில பேட்டரியில் ஆறு கலங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். முழுச் சக்தியோடு ஓய்ந்திருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு வந்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 14-ஐ ஒட்டி நிற்கும். அப்போதும் 12 தான் என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டரில் தேடுக. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று பல ஆயிரம் ரூபாய் வீண் செலவைத் தடுக்கும்.

இன்னொரு காரிலிருந்து சக்தி கடன் வாங்கும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையில் மாட்டுக. கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை, தீர்ந்த காரின் பேட்டரியில் அன்று, எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதி ஒன்றில் மாட்டுக. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும்; பேட்டரியின் அருகே ஹைடிரஜன் இருக்கலாம். கழற்றும்போது வந்த வழியே திரும்புக. எங்கே மாட்டுவது என்பதைப் பற்றிக் கையேடு வேறாகச் சொன்னால் அதையே கேட்க.

'செக் எஞ்சின்' விளக்கைக் கண்டு மிரளும் நண்பர்கள் பலர். அது நிலையாக எரிந்தால் விரைவில் காட்டுக என்று பொருள். சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து உடனே நிறுத்துவது நலம், ஏனெனில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அழிக்கக்கூடும். இப்போதைய கார்களில் ஸ்டியரிங்கின் கீழே பதினாறு ஊசித் துளைகள் கொண்ட ஒரு செருகுமிடம் உண்டு. மலிவான கருவி ஒன்றைச் செருகினால், கைப்பேசியிலேயே குற்றத்தின் எண் தெரியும். ஒரு முறை எங்கள் காரில் பி0171 வந்தது: பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி. ஓரிடத்தில் ஆக்சிஜன் சென்சாரையே மாற்ற வேண்டும் என்றார்கள். காகா ஒரு மணி நேரம் தேடி, விரிசல் விட்ட காற்றுக் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தார். "எண் சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது" என்பது அவர் வாக்கு. ஆய்வுக்கூடத்திலும் இதை நான் மறப்பதில்லை.

எரிபொருளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருபது விழுக்காட்டை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையின் சக்தி ஆறேழு விழுக்காடு குறையும். மைலேஜ் சற்றுக் குறைந்ததென்று மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகுமுன் இதையும் கணக்கில் கொள்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்களின் சில ரப்பர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. விடுமுறையில் மாதக்கணக்காக நிறுத்திவிட்டுப் போவதும், திரும்பியதும் குழாய்களைப் பாராமல் ஓட்டுவதும் தவறு. சி.என்.ஜி. கார் வாங்குவோர் மூன்றாண்டுக்கொரு முறை சிலிண்டரைச் சோதித்த சான்றைக் கேட்டு வாங்குக. டீசல் வாங்குவோர், 2020-க்குப் பிந்திய கார்களில் புகைத்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டென்பதை அறிக. நகருக்குள் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே தினம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். மின்சாரக் கார் வாங்கும் செல்வர்களுக்கு ஒரு சொல்: நீட்டிப்புக் கம்பியில் மின்னேற்ற வேண்டா, 'எர்த்' சரியாக உள்ள தனி இணைப்பே வேண்டும். பானட்டின் கீழ் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள். அங்கே ஓடுவது பன்னிரண்டு வோல்ட் அன்று, பல நூறு வோல்ட்.

மழைக்காலம் வருவதால் கடைசியாக ஒன்று. தேங்கிய நீரில் கார் அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். இறங்கித் தள்ளுங்கள். வேட்டி நனைந்தால் காயும்.

இவ்வளவும் எழுதியபின் எண்ணிப் பார்க்கிறேன். இதில் எனக்குத் தெரியாத விஞ்ஞானம் அன்றைக்கு என்ன இருந்தது? கடின நீர் தெரியும், கொதிநிலை தெரியும், அழுத்தம் தெரியும். தேர்வுத்தாளில் ஒரு தண்ணீர், குழாயில் ஒரு தண்ணீர் என்று நினைத்ததுதான் என் பிழை.

அப்பாவின் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பட்டுப்புடவையை அத்தை மகள் மறுவீட்டுக்குக் கட்டிக்கொண்டாள், புகைப்படம் அனுப்பினாள். வருகிற தை மாதத்தில் அத்தையின் இரண்டாவது பெண்ணுக்குத் திருமணம். அதே காரில்தான் போகிறோம். இம்முறை இரண்டு நாள் முன்னதாகவே. போன ஞாயிற்றுக்கிழமை நான் பானட்டைத் திறந்து நின்றபோது அப்பா மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"தண்ணி பாத்தியா?" என்றார்.

"தண்ணி இல்லப்பா, கூலன்ட்" என்றேன்.

அன்று மண்டபத்தில் என்னைப் பார்க்காத அப்பா, இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.